நம்ம அம்மனுக்கு யானை வேண்டாம்

பழவேற்காட்டுக் குப்பங்களில் இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. வருகிற ஆடித் திருவிழாவுக்கு யானை கொண்டு வர வேண்டுமாம். அம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் நெற்றிப்பட்டம் கட்டிய யானை நடக்க வேண்டுமாம். வாடகை, லாரிச் செலவு, பாகன் கூலி எல்லாவற்றுக்குமாகத் தலைக்கட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் வரி போடலாமா என்று எங்கள் ஊர்க்கூட்டத்தில் பேச்சு எடுத்தார்கள். இன்னும் முடிவாகவில்லை. முடிவாவதற்கு முன்னால் என் கருத்தை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். வேண்டாம். ஒரு நாளைக்குக்கூட வேண்டாம்.

"சாமி விஷயத்துல குறுக்க நிக்காதீங்க மாமா" என்று ஒரு தம்பி சொன்னான். நான் சாமி கும்பிடாதவன் இல்லை. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன். தபால் இலாகாவில் வேலை பார்த்த முப்பத்தைந்து வருஷமும், எந்த ஊரில் இருந்தாலும் ஆடிக்கு லீவு போட்டுவிட்டு இங்கே வந்து கூழ் ஊற்றியிருக்கிறேன். அம்மன் பேரில் ஒரு தப்பு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் சம்பிரதாயம் என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். "கோயில்னா யானை இருக்கணும், அதான் சம்பிரதாயம்" என்கிறார்கள். எந்த ஊர்ச் சம்பிரதாயம்? நம் குப்பங்களில் என் தாத்தா காலத்திலும் யானை இல்லை, அவருடைய தாத்தா காலத்திலும் இல்லை. இருந்ததெல்லாம் கரகம், வேப்பிலை, பம்பை, உடுக்கை, கூழ், கும்பம் படைப்பது. காப்புக் கட்டிய நாளிலிருந்து யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு. மாசி மகத்தன்று சாமி கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி. அம்மன் தெருத்தெருவாக வரும்போது ஒவ்வொரு வாசலிலும் குடம் தண்ணீர் ஊற்றி மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கும்பிடுவார்கள். இதுதான் நம் சம்பிரதாயம். இதில் என்ன குறை கண்டார்கள் என்று தெரியவில்லை.

குறை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கைப்பேசியிலிருந்து வந்தது. கேரளத்துப் பூரம் வீடியோவைப் பார்க்கிறார்கள். வரிசையாக யானை, குடை, செண்டை மேளம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போன வருஷம் நம் பக்கத்து ஊர் ஒன்றில் கும்பாபிஷேகத்துக்கு யானையை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அதைப் பார்த்துவிட்டு, அவங்க கொண்டு வந்தாங்க, நாம ஏன் கொண்டு வரக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்கு ரோஷம். சம்பிரதாயம் என்ற பேரில் வந்திருப்பது ஊருக்கு ஊர் போட்டி, அவ்வளவுதான்.

அந்த யானையை நானும் போய்ப் பார்த்தேன். லாரியில் ராத்திரி முழுக்க நின்றே வந்திருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு மணலில் நிறுத்தியிருந்தார்கள். நம்ம ஊர் மணல் உச்சி வெயிலில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது. யானையின் காலைப் பார்த்து அது ஏதோ தூண் மாதிரி, சூடே ஏறாது என்று நினைக்கிறோம். யானையின் உள்ளங்கால் மெத்தென்று இருக்கும். தரை லேசாக அதிர்ந்தாலும் அதற்குத் தெரியும். நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்கிற ஜீவனும் இல்லை. காதை விசிறி, தண்ணீரில் இறங்கி, சேற்றைப் பூசித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அன்றைக்கு அது ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றது. சுற்றி நின்றவர்கள், "பாரு, பம்பைக்கு ஆடுது" என்று கைதட்டினார்கள்.

ஆடுவது என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். நான் டெல்டா பக்கம் ஒரு ஊரில் வேலை பார்த்தபோது எங்கள் ஆபீசுக்கு எதிரிலேயே ஒரு கோயில். அங்கே ஒரு பெண் யானை கட்டியிருக்கும். ஸ்டாம்ப் கவுண்டரில் உட்கார்ந்தால் நேர் எதிரே அதுதான் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். நாதஸ்வரம் வாசித்தாலும் ஆடும், வாசிக்காவிட்டாலும் ஆடும், யாருமே இல்லாத மத்தியானத்திலும் ஆடும். மணியார்டர் போட வருகிற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். "அது ஆட்டம் இல்ல சார். கட்டிப் போட்ட மிருகத்துக்கு மனசு கெட்டுப்போனா இப்படித்தான் ஒரே மாதிரி அசைஞ்சுகிட்டே இருக்கும். காட்டு யானை இப்படிச் செய்யாது" என்றார். அந்த யானையிடம் ஆசீர்வாதம் வாங்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். தும்பிக்கையில் காசு வைத்தால் தலையில் தட்டும். காசைப் பாகனிடம் கொடுக்கும். காட்டில் ஒரு கூட்டத்தையே நடத்திப் போக வேண்டிய ஜீவன் இங்கே ஒரு ரூபாய்க்குக் கை நீட்டியது.

கூட்டம் என்று சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். பெண் யானை பிறந்ததிலிருந்து சாகும் வரை அம்மா, பாட்டி, அக்கா, தங்கை, அவர்களுடைய குட்டிகள் என்று ஒரு குடும்பமாகவே வாழ்கிற ஜாதி. வயதான பெண் யானைதான் கூட்டத்துக்குத் தலைவி. எங்கே தண்ணீர் இருக்கும், எந்த வழி ஆபத்து என்று அவளுக்குத்தான் தெரியும். நம் ஊர்ப் பெண்கள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தனியாகவா போகிறார்கள்? நாலு பேர், ஆறு பேர் சேர்ந்துதான் வண்டி ஏறுகிறார்கள். ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் இன்னொருத்தி அவள் கூடையையும் சேர்த்து விற்றுக் கொடுக்கிறாள். அப்படி வாழ வேண்டியதைத் தனியாகப் பிரித்துக் கொட்டடியில் சங்கிலி போட்டு வைத்துவிட்டு, பட்டுத் துணி போர்த்தினால் சரியாகிவிடுமா?

தீனி, தண்ணீர் கணக்கையும் பாருங்கள். யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தீவனம் வேண்டும். 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், குளிப்பது தனி. தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசை வைத்துக் காத்திருக்கிற ஊர் நம் ஊர். தோண்டினால் உப்புத் தண்ணீர். பச்சை என்று கண்ணுக்குத் தெரிவது சவுக்கும் சீமைக்கருவேலமும்தான். "ஒரு நாள் தானே" என்கிறார்கள். அந்த ஒரு நாளும் அதற்கு ஒரு நாள்தான். நம் ஊரில் ஒரு நாள், அடுத்த ஊரில் ஒரு நாள், அதற்கடுத்த ஊரில் கல்யாண மண்டப வாசலில் ஒரு நாள். அப்படியே அதன் ஆயுசு முழுக்க லாரியிலும் வெயிலிலும் போய்விடும்.

நாமும் உயிர்களைக் கட்டுகிறவர்கள்தானே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஏரியின் பச்சைக்கால் நண்டைக் கொடுக்கோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி உயிரோடுதான் மெட்ராஸுக்கு அனுப்புகிறோம். அது நம் பிழைப்பு. அதை யாரும் பக்தி என்று சொல்வதில்லை. கட்டிய நண்டுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டு, அதன் கையால் ஆசீர்வாதம் வாங்குவதில்லை. யானையைப் பிள்ளையார் என்று சொல்லிக்கொண்டே அங்குசத்தால் குத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெய்வம் என்றால் கட்டக் கூடாது. கட்டினால் தெய்வம் என்று சொல்லக் கூடாது.

யானையைச் சரக்காக நடத்திய காலமும் நம் கரைக்குத் தெரிந்ததுதான். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனிக்குப் பழவேற்காடுதான் ரொம்ப காலம் சோழமண்டலக் கரைக்குத் தலைமை இடம். அதே கம்பெனி 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக ஓட்டி வந்து யாழ்ப்பாணத்தில் விற்பார்கள். சோழமண்டலக் கரையிலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வியாபாரிகள் போய் வாங்குவார்கள். கப்பலில் ஏற்றிக் கொண்டு வருவார்கள். ஆனையிறவு என்ற பேரே அதனால் வந்ததுதான். துணி, மிளகு மாதிரி யானையும் அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. கம்பெனி போய், கோட்டை இடிந்து, அவர்கள் கல்லறை மட்டும் மிச்சம் இருக்கிறது. யானை வாடகைக்குப் பேரம் பேசுகிற நாம் அந்தக் கணக்கைத்தான் மறுபடி எழுதுகிறோம்.

"நல்லாப் பார்த்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்பது அடுத்த வாதம். நல்லாப் பார்த்துக்கொள்ள வசதி உள்ள கோயில்களில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

2018 ஏப்ரலில் சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரி எழுந்து நிற்க முடியாமல் படுத்த படுக்கையாகி, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தது. கருணைக் கொலை செய்யலாமா என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அதற்குள் அதுவாகவே போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதமே, 2018 மே மாதம், சமயபுரம் மாரியம்மன் கோயில் யானை மசினி, கோயிலுக்குள்ளேயே தன் பாகனை மிதித்துக் கொன்றது. நம் அம்மனுக்கு மூத்தவள் என்று நாம் கும்பிடுகிற சமயபுரத்தாள் சன்னிதியில் நடந்தது இது. பிறகு மசினியை முதுமலைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

2021 பிப்ரவரியில், மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் நடந்த யானைகள் நலவாழ்வு முகாமிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானையை மரத்தில் கட்டி வைத்து அடித்த வீடியோ வெளியே வந்தது. அதன் அலறலை நாடே கேட்டது. ஓய்வு கொடுப்பதற்காகக் கூட்டிப் போன இடத்தில் அந்த அடி.

2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, காலையில் நடக்கக் கூட்டிப் போனபோது தெருவிலேயே விழுந்து இறந்தது. ஊரே அழுதது. நானும் டிவியில் பார்த்துக் கண் கலங்கினேன். அவ்வளவு பேர் பிரியம் வைத்திருந்த யானைக்கும் முடிவு தார் ரோட்டில்தான்.

2024 செப்டம்பரில் குன்றக்குடி யானை சுப்புலட்சுமி, தான் கட்டப்பட்டிருந்த கொட்டகை தீப்பிடித்து உடல் வெந்து இறந்தது. அதே வருஷம் நவம்பர் 18 அன்று திருச்செந்தூர் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. நடை சாத்திப் பரிகார பூஜை செய்து மறுபடி திறந்தார்கள். கோயிலுக்குப் பரிகாரம் ஆயிற்று. செத்தவர்கள் வீட்டுக்கும், கொட்டடியில் நிற்கிற யானைக்கும் என்ன பரிகாரம்?

இதில் ஒன்றுகூட ஏழைக் கோயில் இல்லை. சமயபுரமும் திருச்செந்தூரும் உண்டியல் எண்ண நாள்கணக்கில் ஆகிற கோயில்கள். மருத்துவர் உண்டு, அதிகாரிகள் உண்டு. அவர்களாலேயே முடியாதது, வரி போட்டுப் பந்தல் போடுகிற நம்மால் முடியுமா?

2003இல் ஜெயலலிதா அம்மையார் முதலமைச்சராக இருந்தபோது கோயில் யானைகளுக்கு முதுமலையில் முகாம் ஆரம்பித்தார். பிறகு அது தேக்கம்பட்டிக்கு மாறியது. 48 நாள் மரத்தடி, ஆற்றுக் குளியல், மற்ற யானைகளோடு பேச்சுத் துணை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தீர்களா? கோயில் வாழ்க்கை யானைக்கு ஆகவில்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? 48 நாள் இப்படி இருந்தால்தான் நல்லது என்றால், மிச்சம் 317 நாளும் அது எப்படி இருக்கிறது?

கேரளத்தைக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு பக்கம் கொயிலாண்டியில் ஒரு கோயில் திருவிழா. வெடி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு யானை மிரண்டு இன்னொரு யானையைக் குத்தியது. இரண்டும் கூட்டத்துக்குள் ஓடின. மூன்று பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் கேரள உயர் நீதிமன்றம், யானைக்கும் யானைக்கும் நடுவில் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது உட்படப் பல கட்டுப்பாடுகள் போட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். காலம் காலமாக யானையோடு பழகினவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பாகன் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிற நாட்டிலேயே இந்தக் கதி.

நம் தெருவை நினைத்துப் பாருங்கள். அம்மன் வருகிற சந்தில் ஒரு பக்கம் வீட்டு வாசல், இன்னொரு பக்கம் காயப்போட்ட வலை. ஆயிரம்வாலா சரம் கொளுத்தாமல் நம் பிள்ளைகளுக்குத் திருவிழா இல்லை. பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். குழந்தைகள் கால் இடுக்கில் ஓடும். அதற்கு நடுவே மூன்று டன் எடையுள்ள, ராத்திரி முழுக்கத் தூங்காத, ஊரும் ஆளும் புதுசான ஒரு மிருகம். அது திரும்பினால் எங்கே ஓடுவீர்கள்? ஏரிக்குள்ளா?

வேடிக்கைக்காகக் கூட்டம் சேர்ந்து பாதுகாப்பை மறந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2011 டிசம்பர் 25ஆம் தேதி நம் ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். வெளியூரிலிருந்து சந்தோஷமாகச் சுற்றிப் பார்க்க வந்த ஜனங்கள். அன்றைக்குக் கரையில் நின்றவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள். கூட்டமும் குதூகலமும் ஒரு நிமிஷத்தில் ஓலமாகிவிடும் என்பதைக் கண்ணால் பார்த்த ஊர், தெரிந்தே இன்னொரு ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா?

சட்டம் வேறு இருக்கிறது. யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிர், புலிக்குச் சமம். வளர்ப்பு யானைகளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2011இல் தனி விதிகளே வந்தன. 2023இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இனிமேல் கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் டெல்லியில் சட்டத்தைத் திருத்தி, மதக் காரியத்துக்காக யானையைக் கைமாற்றலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். அந்த வாசல் வழியாக அருணாசலத்துக் குட்டியும் அசாம் குட்டியும் நம் பக்கம் வந்து சேரக் கூடாது என்றால், வாடகைக்குக் கேட்கிறவர்கள் குறைய வேண்டும். கேட்பவன் இருக்கிற வரைக்கும் கொண்டு வருகிறவன் இருப்பான். இது நமக்குத் தெரியாத வியாபார சூத்திரமா?

இப்போது பணத்துக்கு வருவோம். இரண்டாயிரம் என்பது சிலருக்குச் சின்னத் தொகை. ஆனால் தலைக்கட்டு வரி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் வராது, மடவை வராது. அந்த மாதங்களில் வலையைத் தூக்கிப் பார்த்தால் பாசிதான் இருக்கும். அப்போது மளிகைக் கடையில் கடன் சொல்கிற வீடுகள் எத்தனை என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். தர முடியாது என்று சொல்லவும் முடியாது, ஊர்க் கட்டுப்பாடு. தாலியை அடகு வைத்தாவது கட்டுவார்கள். அந்தக் காசில் வந்து நிற்கிற யானையைப் பார்த்து அம்மன் சந்தோஷப்படுவாள் என்று நான் நம்பவில்லை. "யானையைக் கட்டித் தீனி போடுறதா?" என்று நம் பாட்டிகள் சும்மா கேட்கவில்லை.

பாகன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அவர்களுக்கு எதிரி இல்லை. அவர்கள் பிழைப்பும் நம் பிழைப்பு மாதிரிதான், காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பி வருவது நிச்சயம் இல்லை. மேலே நான் சொன்ன சாவுகளில் பாகன் சாவும் உண்டு. யானைக்கு வெறி பிடித்தால் முதல் அடி அவனுக்குத்தான். யானை இருக்கிற பெரிய கோயில்களில் இருப்பவற்றை நாளைக்கே துரத்திவிடு என்றும் நான் சொல்லவில்லை. இத்தனை வருஷம் மனுஷன் கையில் சாப்பிட்டவற்றைத் திடீரென்று காட்டில் விட முடியாது. அவை கடைசிக் காலத்தை மண்ணும் தண்ணீரும் துணையும் உள்ள இடத்தில் கழிக்கட்டும். அவற்றோடு பாகன்களும் சம்பளத்தோடு இருக்கட்டும். புதிதாக ஒன்றைக் கட்டாதே, இல்லாத ஊரில் புதிதாக ஆசையைக் கிளப்பாதே. என் வாதம் இவ்வளவுதான்.

"குழந்தைங்க சந்தோஷப்படுமே" என்கிறார்கள். குழந்தைகளுக்கு என்ன காட்டலாம் என்பதற்கு நம்மிடம் பஞ்சமா? மழை முடிந்து பனி தொடங்கினால் நம் ஏரிக்குப் பூநாரை வருகிறது. ஆயிரக்கணக்கில் வந்து நிற்கிறது. யாரும் லாரி வைத்துக் கொண்டு வரவில்லை, யாரும் கயிறு கட்டவில்லை. தண்ணீரும் தீனியும் பிடித்திருந்தால் நிற்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். ஒரு நாள் விடியற்காலையில் பேரப்பிள்ளைகளைப் படகுத் துறைக்குக் கூட்டிப் போய் அதைக் காட்டுங்கள். மிருகம், பறவை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அவர்களுக்குப் புரியும்.

கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாடப்பிள்ளியில் ஒரு கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. 2023இல் அங்கே உயிருள்ள யானைக்குப் பதிலாக ஒரு இயந்திர யானையை நடைக்கு வைத்தார்கள். பத்தடிக்கு மேல் உயரம், காது ஆடும், தும்பிக்கை ஆடும். விலங்கு நல அமைப்பு ஒன்று கொடுத்தது. உயிர் வதைக்கு அது எவ்வளவோ மேல், அந்தக் கோயில்காரர்களுக்கு என் கும்பிடு. ஆனாலும் நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இயந்திர யானை வருவதற்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாலேயே நம் பெரியவர்கள் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். யானை வாகனம் என்று ஒன்று உண்டே! பிரம்மோற்சவத்தில் சிங்கம், அன்னம், ரிஷபம், குதிரை, யானை என்று ஒவ்வொரு நாளும் சாமி எதன் மேல் வருகிறார்? எல்லாம் மரம். மர ரிஷபம் சிவனைச் சுமக்கலாம், மரக் கருடன் பெருமாளைச் சுமக்கலாம், மர யானை மட்டும் நம் அம்மனுக்கு ஆகாதா?

நம் பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைப் போய்ப் பாருங்கள். ராமாயணம் முழுவதையும் செம்புரைக்கல்லில் சின்னச் சின்னதாகச் செதுக்கி வைத்திருக்கிறான் ஒரு சிற்பி. உயிருள்ள குரங்கைப் பிடித்துக் கட்டி வைத்தால்தான் அனுமார் என்று அவன் நினைக்கவில்லை. கல்லிலும் மரத்திலும் சாமியைக் காணத் தெரிந்தவர்கள் நாம்.

அதனால் ஊர்ப் பெரியவர்களுக்கும், வாட்ஸ்அப் குழுவில் யானைப் படம் போடுகிற தம்பிகளுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். கூடுதல் வரி வேண்டாம். வசதி உள்ளவர்கள் மனசார எழுதுகிற நன்கொடையில் ஒரு யானை வாகனம் செய்வோம். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் தேரும் வாகனமும் செய்கிற மரச்சிற்பிகள் இருக்கிறார்கள், அவர்கள் வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அவர்களிடம் முகமும் தும்பிக்கையும் செய்யச் சொல்வோம். உடம்பையும் பீடத்தையும் நம் ஊரில் மரப் படகு கட்டிய ஆசாரிகள் செய்யட்டும். ஃபைபர் படகு வந்த பிறகு அவர்கள் உளி சும்மாதான் கிடக்கிறது. அந்த யானை நூறு வருஷம் நிற்கும். பத்துப் பிள்ளைகள் தோள் கொடுத்துத் தூக்கினால்தான் நகரும், ஆகவே நடக்கப் போவது நம் பிள்ளைகள்தான். வெடி போட்டாலும் மிரளாது.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் பலர் இப்போது திருவொற்றியூரிலும் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் மகன் வீடு, மகள் வீடு என்று இருக்கிறீர்கள். திருவிழா நன்கொடைக்கு உங்களுக்குத்தான் முதல் போன் வரும். "யானைக்கா? அப்படின்னா என் பேரை எழுதாதே. வாகனத்துக்குன்னா எழுதிக்கோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் பேரில் ஐயாயிரம் ரூபாய் வாகனத்துக்கு இப்போதே எழுதிக்கொள்ளலாம். பென்ஷன் வந்த அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.